ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காவின் கிறிஸ்துமஸ் இரவு விழாவுக்குத் தனிச்சீட்டு வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரிலிருந்து டிசம்பர் 22 முதல் ஜனவரி 1 வரை ஃபுளோரிடா செல்கிறோம். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். என் அம்மாவும் உடன் வருகிறார். மேஜிக் கிங்டமில் கிறிஸ்துமஸ் விழா இரவுக்கு என்று தனியாகச் சீட்டு விற்கிறார்களே, அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்குவதில் பயன் உண்டா?

பதில்:

பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் தேதியைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நாள்களில் அந்த விழா அநேகமாக இருக்காது. பெயரில் கிறிஸ்துமஸ் இருந்தாலும், 'மிக்கீஸ் வெரி மெரி கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்பது கிறிஸ்துமஸ் வருவதற்குள் முடிந்துவிடும் விழா. 2023இல் நவம்பர் 9 முதல் டிசம்பர் 22 வரையிலும், 2024இல் நவம்பர் 8 முதல் டிசம்பர் 20 வரையிலும், அதற்குள்ளும் தேர்ந்தெடுத்த சில இரவுகளில் மட்டுமே அதை நடத்தினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் சாதாரணச் சீட்டிலேயே பூங்கா நிரம்பி வழிகிறது; அப்போது மாலையில் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு கூட்டத்துக்குச் சீட்டு விற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பெங்களூர்ப் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் விடுமுறை டிசம்பர் மூன்றாவது வாரக் கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால், நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த விழா முடிந்த மறுநாளோ மறுவாரமோதான் அங்கே போய் இறங்குகின்றன. நாங்கள் 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் போனோம். மூன்றாம் வகுப்பில் படித்த மகளுக்குப் பள்ளியில் எட்டு நாள் விடுப்புக் கேட்டு, வகுப்பாசிரியையின் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடிந்தது.

பயண நாள்களை முன்னே தள்ளிக்கொள்ள உங்களால் முடியுமானால் மேற்கொண்டு படியுங்கள்.

மேஜிக் கிங்டம் 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது; இந்தத் தனிச்சீட்டு விழாவை 1983 முதல் நடத்துகிறார்கள். விழா நாளில் பகல் சீட்டுக்காரர்களுக்குப் பூங்கா மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். விழாச் சீட்டு வைத்திருப்பவர்கள் நான்கு மணியிலிருந்தே உள்ளே போகலாம். விழா ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நடக்கும். உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். ஆறு மணிக்குப் பிறகு ஊழியர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். பட்டை இல்லாதவர்களைப் புன்னகையுடன் வாயிலை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் போலத்தானே என்று என் மனைவி முதலில் கேட்டாள். அங்கே கட்டண வரிசை ஒரு பக்கம் ஓடினாலும் இலவச வரிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே இலவச வரிசையையே கலைத்துவிட்டுக் கட்டண வரிசைக்காரர்களிடம் முழு இடத்தையும் ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்தக் காலி இடத்துக்கும் அதனால் மிச்சமாகும் நேரத்துக்கும்தான். அலங்காரத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், பிரதான வீதியில் நிற்கும் பெரிய கிறிஸ்துமஸ் மரமும் தோரணங்களும் பகல் சீட்டுக்காரர்களுக்கும் கிடைக்கின்றன.

2024இல் பெரியவர்களுக்கான சீட்டு, நாளைப் பொறுத்து, வரி நீங்கலாக 169 முதல் 219 டாலர் வரை இருந்தது. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து டாலர் குறைவு. அங்கே விற்பனை வரி ஆறரை விழுக்காடு. அதற்கு மேல் நம் கடன் அட்டை வங்கி அந்நியச் செலாவணிக்கென்று எடுத்துக்கொண்டதும் சேர்ந்து, மூவருக்கும் 55,000 ரூபாயை ஒட்டி ஆயிற்று. வாங்கிய சீட்டைத் திருப்பித் தர முடியாது. மழை பெய்தாலும் பணம் வராது. அதே ஆண்டில் மேஜிக் கிங்டமின் சாதாரண ஒருநாள் சீட்டே உச்ச நாள்களில் 189 டாலராக இருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். விழாச் சீட்டை ஒருநாள் சீட்டுக்குப் பதிலாக வாங்கினால் கணக்கு ஓரளவு சரிக்கட்டிவிடும். கூடுதலாக வாங்கினால் வீண்செலவு. ஜெயநகரில் நாங்கள் அணுகிய ஒரு பயண முகவர், விழா நாளுக்கே பகல் சீட்டையும் சேர்த்து ஒரு தொகுப்பாக விலை சொல்லி, பகல் சீட்டு இல்லாமல் விழாவுக்குள் விடமாட்டார்கள் என்று சாதித்தார். டாம்பாவில் இருக்கும் என் மைத்துனர் தொலைபேசியில் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில்தான் நாங்கள் தப்பித்தோம். விழாச் சீட்டு ஒன்று போதும். நான்கு மணி முதல் நள்ளிரவு வரை எட்டு மணி நேரம் அதில் அடங்கும்.

இனி அந்த இரவைச் சொல்கிறேன். நாங்கள் சனிக்கிழமை வந்திறங்கி, செவ்வாய்க்கிழமை இரவுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். அது அவசர முடிவு என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள்; பாதி உண்மை. டிசம்பரில் ஆர்லாண்டோ நேரம் நம் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. மாலை ஐந்து மணிக்கு அங்கே நிற்கும்போது உடம்புக்கு அது பெங்களூரின் விடியற்காலை மூன்றரை மணி. கோட்டைக்கு எதிரே வந்து நின்ற மகள், அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு, முன்கூட்டியே உள்ளே போகலாம் என்று கிடைத்த மூன்று மணி நேரத்தையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தேன். ஆனால் எட்டரை மணிக்கு, அதாவது அல்சூரில் எங்கள் தெருமுனைக்குப் பள்ளி வேன் வரும் காலை ஏழு மணிக்கு, யாரும் எழுப்பாமலே விழித்துக்கொண்டாள். அதன்பின் நள்ளிரவு வரை அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் தள்ளுவண்டிகளில் வரிசையாகச் சாய்ந்து கிடந்த நேரத்தில், எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்து நின்றதுபோல் நிமிர்ந்து நின்றாள். ஆகவே வந்த மூன்றாம் நாளில் போவது தவறில்லை. அன்று பிற்பகல் முழுவதும் பிள்ளைகளை அறையில் தூங்கவைத்துவிட்டு ஏழு மணிக்கு மேல் உள்ளே போனால், கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்கள் நாம்தான்.

முதல் ஊர்வலம் எட்டரை மணிவாக்கிலும் இரண்டாவது பதினோரு மணிவாக்கிலும் வருகிறது. முதலாவதற்கு மக்கள் ஒரு மணி நேரம் முன்பே நடைபாதை விளிம்பில் போர்வை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாவதற்கு அவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் இரண்டாவதைப் பார்த்தோம், முன்வரிசையில். மரப்பொம்மைச் சிப்பாய்கள் முழங்காலை மடக்காமல், கன்னத்தில் வட்டச் சிவப்புப் பூச்சுடன் விறைப்பாக நடந்து வருவார்கள். அதில் ஒருவர் எங்களைக் கடக்கும்போது கண்ணை மட்டும் பக்கவாட்டில் உருட்டி என் மகளைப் பார்த்தார், கழுத்து அசையவில்லை. ஊர்வலத்தில் மற்ற எதையும்விட அதைத்தான் அவள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள். கிறிஸ்துமஸ் தாத்தா கடைசியில் வருவார்.

பிரதான வீதியில் பனி பெய்யும் என்பது எல்லாப் பயண விளம்பரங்களிலும் வரும் செய்தி. கட்டடங்களின் கூரை விளிம்பிலிருந்து இயந்திரம் ஊதும் நுரைதான் அந்தப் பனி. விளக்கொளியில், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது, பனியை ஒருநாளும் பார்த்திராத எங்களுக்கு அது பனியாகவே இருந்தது. மகள் கையை நீட்டி ஒரு துணுக்கை ஏந்தினாள். அது உள்ளங்கையில் உருகவில்லை, குமிழ்குமிழாக உடைந்து மறைந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, சோப்பு நுரைப்பா இது!" என்று சத்தமாக அறிவித்தாள். எனக்கு முகம் வாடியது. அவளோ துணி துவைக்கும் நுரையை வானத்திலிருந்து பெய்யவைத்திருக்கிறார்களே என்று இரட்டிப்பு மகிழ்ச்சியில் குதித்தாள்.

சவாரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டண விரைவு வரிசை விழா நேரத்தில் கிடையாது. எல்லோருக்கும் ஒரே வரிசை, அதுவும் பகலைவிடக் குட்டையானது. சில சவாரிகளை மட்டும் மூடி வைத்திருப்பார்கள். காட்டுப் படகுச் சவாரிக்குக் கிறிஸ்துமஸ் வேடம் போட்டிருந்தார்கள். படகோட்டி வழியெல்லாம் ஆங்கிலச் சிலேடைகளாகப் பொழிந்தார், நம் காளமேகப் புலவர் அங்கே பிறந்திருந்தால் இந்த வேலைக்குத்தான் போயிருப்பார். டிஸ்னி கதாபாத்திரங்களுடன் படம் எடுக்கும் வரிசைகள் மட்டும் குறைவதே இல்லை. ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களும் ஒன்றாக நிற்கும் இடத்துக்கு விழா தொடங்கும் முன்பே ஆட்கள் வரிசை கட்டிவிடுகிறார்கள். அதில் போய் நின்றால், காலி இடத்துக்கென்று கொடுத்த காசை மறுபடியும் வரிசையில் தொலைத்ததாக ஆகும்.

சாப்பாடு உங்களுக்கும் ஒரு பிரச்சினையாக இருக்கலாம். ஆங்காங்கே பிஸ்கட்டும் சூடான கொக்கோவும் சீட்டுக் கட்டணத்திலேயே தருகிறார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வாங்கலாம். முட்டை சேர்க்காதவர்கள் பிஸ்கட்டை வாயில் வைக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. என் மாமியார் அப்போது மைத்துனரின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள டாம்பாவில் இருந்தார். மிளகாய்ப்பொடி எண்ணெயில் புரட்டிய இருபது இட்லிகளை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். பையைச் சோதித்த காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே வைத்தார். குளிரையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். டிசம்பர் இரவுகளில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும், பெங்களூர் மார்கழிக்குப் போதுமான ஸ்வெட்டர் அங்கே ஏரிக்காற்றில் போதவில்லை.

உங்கள் அம்மாவுக்கும் சீட்டு வாங்கலாமா என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். என் மாமியாரை அழைத்தபோது, "ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் குளிரில் நிற்பதற்குக் காசு கொடுப்பார்களா மாப்பிள்ளை? வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்தாலாவது புண்ணியம் உண்டு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உட்கார இடம் குறைவு, நடை அதிகம். விழா முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி, படகிலோ மோனோ ரயிலிலோ ஏரியைத் தாண்டித்தான் வண்டி நிறுத்துமிடத்தை அடைய வேண்டும். நாங்கள் காரில் ஏறி மிச்சமிருந்த இட்லிகளைப் பிரித்தபோது மணி ஒன்று. டாம்பா வீட்டை அடைந்தபோது இரண்டரை.

இன்னொரு யோசனையும் உண்டு. இதே பூங்காவில், பேய் வேடம் போடும் பண்டிகையான ஹாலோவீனுக்கும் தனிச்சீட்டு இரவுகள் நடக்கின்றன; 2024இல் ஆகஸ்ட் 9 முதல் அக்டோபர் 31 வரை நடந்தன. உங்கள் பிள்ளைகளின் பள்ளி கர்நாடகத் தசரா விடுமுறையை முழுதாகத் தருவதாக இருந்தால், ஒருநாள்கூட விடுப்புக் கேட்காமல் அதற்குப் போய்வரலாம். வேடம் போட்டுக்கொண்டு பையைத் தூக்கி நின்றால் இடத்துக்கு இடம் மிட்டாய் போடுகிறார்களாம். நவராத்திரிக்குக் கொலு வீடு வீடாக ஏறிச் சுண்டல் பொட்டலம் வாங்கிவந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. பயத்தைவிட விளையாட்டே அதில் அதிகம் என்று மைத்துனர் சொன்னார். ஆறு வயதுக்குப் பொருந்தும்.

நாள்களை எப்படியும் மாற்ற முடியாது என்றால், 22க்குப் பின் சாதாரணச் சீட்டையே வாங்குங்கள். விழா இரவுகள் முடிந்தபின், ஆண்டின் கடைசி நாள்களில் அதே கிறிஸ்துமஸ் ஊர்வலத்தைப் பகல் சீட்டுக்காரர்களுக்கும் நடத்துகிறார்கள். கூட்டம் ஆண்டிலேயே உச்சத்தில் இருக்கும் என்பதால் வாயில் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். விமானக் களைப்பில் பிள்ளைகள் எப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.