கார் பெயின்ட்டில் தண்ணீர்ப் புள்ளிகள்

கேள்வி: என்னுடையது கறுப்புக் கார். பானெட்டிலும் கூரையிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். ஷாம்பு போட்டுக் கழுவும்போது மறைகின்றன; காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகின்றன. வினிகர் போடச் சொல்கிறார்கள். பெயின்ட் பாழாகிவிடாதா?

பதில்: நிழலில், அளவோடு செய்தால் பாழாகாது. நாம் உப்புத் தண்ணீர் என்று சொன்னாலும், அந்த வெள்ளை சமையல் உப்பு அல்ல. ஹீட்டர் காயிலில் தடித்துப் படியும் அதே கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுதான். சொட்டின் ஓரம் முதலில் காய்வதால் சுண்ணாம்பு அங்கே ஒதுங்கி வளையமாக நிற்கிறது. அது ஷாம்புவுக்குக் கரையாது, அமிலத்துக்குக் கரையும்.

முதலில் காரைக் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் புள்ளி போகும், கீறல் வரும். பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் புள்ளிமேல் விரித்துப் போடுங்கள். 1 நிமிடம், மிஞ்சினால் 2. காயவே விடக்கூடாது. அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பானெட் முழுவதையும் ஒரே மூச்சில் நனைக்காமல் இரண்டடி இரண்டடியாகச் செய்யுங்கள். மீதம் இருந்தால் இன்னொரு முறை. அதற்கும் மசியாவிட்டால் வினிகரை நிறுத்திவிடுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை எடுக்கவே வேண்டாம். குரோம் பட்டையையும் அலுமினியத்தையும் அரித்துவிடும்.

இப்போது விரல்களை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து அந்த இடத்தைத் தடவுங்கள். நறநறவென்றால் படிவு இன்னும் மேலேதான் இருக்கிறது. ஷாம்பு நுரையை வழுக்கலுக்கு விட்டு கார் துடைக்க விற்கும் களிமண்கட்டியால், அதாவது கிளே பாரால், நேர்கோட்டில் லேசாகத் தேய்த்தால் வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள், ஒட்டிய மண் கீறும்.

வழவழப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால் அது கறை அல்ல, பள்ளம். வெயிலில் காய்ந்த சொட்டு, பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை அரித்திருக்கிறது. அதற்கு மிருதுவான ஸ்பாஞ்ச் பேடில் ஃபினிஷிங் பாலிஷ்தான் வழி. ஆனால் பாலிஷ் கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்த்து எடுக்கும்; அது மொத்தமே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிது. மங்கலாக ஒன்றிரண்டு வளையம் மிஞ்சினால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். வினிகர் பழைய வாக்ஸையும் பலவீனப்படுத்தும், கடைசியில் புதிதாக ஒரு பூச்சு வாக்ஸ் போடுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கலாம்: கழுவிய பிறகு துடைக்கிறீர்களா? தானே காயவிட்டால் ஒவ்வொரு கழுவலும் ஒரு புதுப் படலம்.

கேள்வி: செராமிக் கோட்டிங் செய்தும் புள்ளி விழுகிறதே?

பதில்: விழத்தான் செய்யும். அந்தப் பூச்சில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. வழிந்தோடாத முத்து அங்கேயே காய்கிறது. வினிகர் கலவையை மேலே சொன்னபடி போடலாம். பாலிஷ் வேண்டாம், கோட்டிங்கையே தேய்த்து எடுத்துவிடும்.

கேள்வி: முன் கண்ணாடிக்கும் இதே முறைதானா?

பதில்: ஆமாம், கண்ணாடியில் 5 நிமிடம்வரை ஊறலாம். அதற்கும் போகாத பழைய புள்ளிக்கு சீரியம் ஆக்ஸைடு கண்ணாடி பாலிஷ். ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும், பெயின்ட் ஓரத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.