கேளுங்க சொல்றேன்: ‘சும்மா ஒரு சப்போர்ட் கொட்டேஷன்’

இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே சங்கதியைத்தான் சுத்துது, வியாபாரிங்க கூடி ரேட் பேசி வச்சுக்கறது சட்டத்துல எங்க நிக்குதுன்னு. பெங்களூர்ல சின்ன கம்பெனிங்களுக்கு கேஸ் பாக்கறவங்கறதால இதை நான் தினமும் பாக்கறேன், அதான் எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிட்டேன்.

பீன்யாவுல எட்டு பேரை வச்சு ஃபேப்ரிகேஷன் ஷாப் நடத்தறேன் மேடம். எனக்கு ரெகுலரா ஜாப் குடுக்கற பெரிய பார்ட்டி ஒருத்தர் ஒரு டெண்டருக்காக, “சும்மா உங்க லெட்டர்ஹெட்ல ஒரு சப்போர்ட் கொட்டேஷன் குடுங்க, ரேட்டு நான் சொல்றேன், ஆர்டர் எனக்கு வந்ததும் பாதி வேலை உங்களுக்குத்தான்”னு கேக்கறார். ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே, இதுல என்ன தப்பு?

தப்புதான் சார், குடுக்காதீங்க. எல்லாரும் செய்யறாங்கங்கறதுதான் இதுல பெரிய ஆபத்தே. மூணு கொட்டேஷன் எதுக்கு கேக்கறாங்க, மூணு பேர் தனித்தனியா கணக்கு போட்டாதான் அந்த வேலைக்கு நெஜ வெலை என்னன்னு காசு குடுக்கறவனுக்குத் தெரியும், ஒருத்தர் சொல்லி மூணு பேர் எழுதினா அந்த வழியே அடைஞ்சு போச்சு, அரசாங்க டெண்டர்னா போறது நம்ம வரிப்பணம். 2002-ல வந்த காம்படிஷன் சட்டத்துல மூணாவது செக்‌ஷன்ல இதுக்குப் பேரே இருக்கு, பிட் ரிக்கிங். அதோட ரேட் பேசி வச்சுக்கறது, உற்பத்தியை கொறைக்கறது, ஏரியா பிரிச்சுக்கறது, இந்த நாலையும் போட்டியாளருங்க சேந்து செஞ்சாங்கன்னு தெரிஞ்சாலே மார்க்கெட்டுக்கு கெடுதல்னு சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான். பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கணும்னும் இல்ல, டீக்கடையில வாய்ப்பேச்சா பேசினாலும் ஒப்பந்தம்தான்.

ஒரு கேஸ் சொல்றேன். கோதுமை மூட்டையில பூச்சி வராம இருக்க போடுற அலுமினியம் பாஸ்ஃபைடு மாத்திரைக்கு இந்திய உணவுக் கழகம் 2009-ல டெண்டர் விட்டாங்க, அதுல மூணு கம்பெனி தனித்தனி கவர்ல விலை போட்டிருந்தாங்க, பிரிச்சுப் பாத்தா மூணுலயும் கிலோவுக்கு 388 ரூபாய், ஒரு ரூபா கூட இல்ல, கொறையவும் இல்ல. மூணு கம்பெனியோட செலவும் வேற வேற, அப்புறம் எப்படி விலை மட்டும் அச்சு அசலா ஒண்ணா வரும்? இந்தச் சட்டத்தை அமல் பண்ற காம்படிஷன் கமிஷன் 2012-ல அபராதம் போட்டது, அப்பீல்ல ட்ரிப்யூனல் தொகையை கணக்கு பண்ற முறையை மட்டும் மாத்திச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2017-ல கோர்ட் அந்த முறையை ஏத்துக்கிட்டு, கூட்டு சேந்தது கூட்டு சேந்ததுதான்னு சொல்லிடுச்சு.

உங்க கதையில மாட்றது எப்படின்னு கேட்டா ரொம்ப சின்ன விஷயத்துலதான். மூணு கொட்டேஷன்லயும் அதே ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கும், மூணும் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து அப்லோட் ஆகியிருக்கும், இல்லைன்னா டிடி நம்பர் வரிசையா இருக்கும். ஜெயில் இந்தச் சட்டத்துல இதுக்கு இல்ல, ஆனா கார்ட்டெல்னு, அதாவது போட்டியாளருங்க சேந்துக்கிட்ட கூட்டுன்னு முடிவானா அது நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்தை போல மூணு மடங்கு, இல்ல டர்ன்ஓவர்ல 10 சதவீதம், இதுல எது அதிகமோ அது வரைக்கும் போடலாம். எட்டு பேர் சோறு திங்கற ஷாப் அதைத் தாங்குமா? அந்தப் பார்ட்டிகிட்ட, “என் ரேட்ல நானே போடறதா இருந்தா போடறேன், இல்லன்னா ஆர்டர் உங்களுக்கு வந்தப்புறம் சப்-கான்ட்ராக்ட் குடுங்க, செஞ்சு தரேன்”னு சொல்லுங்க, அதுல தப்பே இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் எடுக்கணும்னா, டெண்டர் கண்டிஷன் அனுமதிச்சா, கன்சார்ட்டியம்னு வெளிப்படையா பேர் போட்டுக்கலாம்.

ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா கேளுங்க. கமிஷன்கிட்ட முதல்ல போய் முழுசா சொல்றவருக்கு 100 சதவீதம் வரைக்கும் அபராதம் தள்ளுபடி ஆகலாம், ரெண்டாவது ஆளுக்கு 50 வரைக்கும்தான். பீர் கம்பெனிங்க வருஷக்கணக்கா விலை பேசி வச்ச கேஸ்ல 2021-ல நம்மூர் யுனைடெட் புரூவரிஸுக்கு சுமார் 752 கோடி விழுந்துச்சு, முதல்ல போய் சொன்ன ஆன்ஹைசர் புஷ் இன்பெவ்வுக்கு ஒரு ரூபா கூட இல்ல. அதனால தள்ளிப் போடாம ஒரு வக்கீலைப் பாருங்க.

ஒயிட்ஃபீல்ட் பக்கம் எங்க அபார்ட்மெண்ட்டுக்கு வர்ற நாலு தண்ணி டேங்கர்காரங்களும் ஒரே வாரத்துல ஒரே மாதிரி ரேட் ஏத்திட்டாங்க. இது கார்ட்டெல்தானே மேடம்?

விலை ஒண்ணா ஏறினது மட்டும் போதாதும்மா. டீசல் ஏறுது, போர்வெல்ல தண்ணி இறங்குது, ஒருத்தர் ஏத்தினதைப் பாத்து மத்தவரும் ஏத்துவார், சிக்பேட்டைல பக்கத்து கடை ரேட்டை பாத்து தன் ரேட்டை போடுற மாதிரி, அது குத்தம் இல்ல. பேசி வச்சாங்களாங்கறதுதான் கேள்வி. இப்ப ஒண்ணு செஞ்சு பாருங்க, அஞ்சாவதா ஒரு டேங்கர்காரரைக் கூப்பிடுங்க. “அந்த லேஅவுட் அவரோடது, நான் வந்தா பிரச்சினை ஆயிடும்”னு சொன்னார்னா அதுதான் விஷயம், ஏரியா பிரிச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம். அந்த மெசேஜ், அவங்க க்ரூப்ல ‘நாளைலேர்ந்து எல்லாரும் இதே ரேட்’னு யாராவது போட்டது, தேதியோட பழைய பில்லு, இதையெல்லாம் பத்திரமா வைங்க. ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும், கமிஷன் விலை நிர்ணயம் பண்ணாது. 2024 மார்ச்ல வறட்சி சமயத்துல 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபாய்னு ரேட் போட்டது மாவட்ட நிர்வாகம், அது வேற அதிகாரம்.

ஸ்ரீராமபுரத்துல மருந்து ஸ்டாக்கிஸ்ட் எடுக்கப் பாக்கறேன். மருந்து வியாபாரிங்க சங்கத்துகிட்ட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற கடிதம், வாங்கிட்டு வான்னு கம்பெனி ரெப் சொல்றார், சங்கத்துல நன்கொடை கேக்கறாங்க. சங்கத்தை எதுத்து பொழைக்க முடியுமா?

உங்க பயம் எனக்குப் புரியுது, சங்கம் சப்ளையை நிறுத்தினா மறுநாள் ஷட்டரை இறக்கணும். ஆனா சட்டம் இதுல உங்க பக்கம் இருக்கு தம்பி. என்ஓசி இல்லாம ஸ்டாக்கிஸ்ட் போடக்கூடாதுன்னு மருந்து வியாபாரிங்க சங்கம் கம்பெனிகளை கட்டாயப்படுத்தறது தப்புன்னு அகில இந்திய சங்கத்து மேலயே கமிஷன் 2013-ல உத்தரவு போட்டு அபராதமும் விதிச்சது. சங்கம் வைக்கலாம், ஜிஎஸ்டி பத்தி கூட்டம் போடலாம், அரசாங்கத்துகிட்ட மனு குடுக்கலாம், ஆனா யார் கடை தொறக்கணும்னு முடிவு பண்ண அதுக்கு உரிமை இல்ல. இந்த ஊர்லயே நடந்ததை சொல்றேன், கன்னடத்துல டப்பிங் படமும் சீரியலும் வரவிடாம சினிமா, டிவி சங்கங்க தடுத்துக்கிட்டிருந்தாங்க, கன்னட கிராஹகர கூட்டங்கற நுகர்வோர் அமைப்பு டெல்லி கமிஷனுக்கு புகார் எழுதினாங்க, 2015 ஜூலைல கர்நாடக ஃபிலிம் சேம்பர் மேல அபராதம் விழுந்துச்சு. எவ்வளவு பெரிய ஆளுங்க மோதல்ல புகார் குடுத்தது சாதாரண ரசிகருங்க, பாருங்க.

நீங்களும் தனி ஆளா எழுதலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, தனிநபருக்கு ஃபீஸ் 5,000 ரூபாய், பேரை ரகசியமா வைக்கச் சொல்லியும் கேக்கலாம். விஷயம் நடந்த 3 வருஷத்துக்குள்ள குடுத்துடணும். முதல்ல அந்த ரெப்கிட்ட, என்ஓசி கேக்கறதை ஒரு மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க. பாதி பேர் அங்கயே பின்வாங்கிடுவாங்க, அவங்க பின்வாங்காம எழுதியே குடுத்தா உங்களுக்கு சாட்சி ஆச்சு.

ஹெப்பால்ல எங்க பில்டிங்ல ஒரே இன்டர்நெட் கம்பெனியைத்தான் விடறாங்க, வேற யாரும் கேபிள் இழுக்கக்கூடாதாம். கமிஷனுக்குப் போகலாமா?

கஷ்டம் சார். ஆதிக்க நிலையை தவறா பயன்படுத்தறதுன்னு சொல்லணும்னா முதல்ல அவங்க மார்க்கெட்ல பெரியாளா இருக்கணும், ஒரு பில்டிங்கை மட்டும் தனி மார்க்கெட்னு காட்டறது லேசு இல்ல. கமிஷனுக்கு முன்னாடி உங்க அசோசியேஷன் ஜெனரல் பாடி மீட்டிங்ல இதை அஜெண்டாவுல வைக்கச் சொல்லுங்க, அந்த காண்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு கேளுங்க.