வைனோ தன்னர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தன்னர் யார்?

பின்லாந்தின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர். 1881இல் ஹெல்சின்கியில் பிறந்தார். அப்பா ரயில்வே தொழிலாளி. 1926 டிசம்பரில் பிரதமராகி ஓராண்டு ஆண்டார். பிறகு நிதி, வெளியுறவு எனப் பல துறைகளில் அமைச்சர்.

கேள்வி: அவர் செய்ததில் பெரியது எது?

என்னைக் கேட்டால் 1927 மே 16. உள்நாட்டுப் போரில் வென்ற, ‘வெள்ளை’ எனப்பட்ட வலதுசாரித் தரப்பின் காவல் படை அன்று அணிவகுத்தது. குடியரசுத் தலைவர் ரெலாண்டருக்கு உடல்நலமில்லை. அணிவகுப்பு மரியாதையை ஏற்கும் பொறுப்பு தன்னரிடம் வந்தது. 1918இல் தோற்ற சிவப்புத் தரப்பில் நின்றவர்கள் பெரும்பாலும் அவருடைய கட்சித் தொழிலாளர்கள்தான். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் செத்திருந்தார்கள். தட்டிக்கழித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் போய் நின்றார். சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு கிளம்பியது. பிளந்து கிடந்த நாடு ஒரே குடியரசாக நடக்கத் தொடங்கியதில் அந்த நாளுக்குப் பங்குண்டு.

கேள்வி: எலந்தோ என்பது அவருடைய கம்பெனியா?

இல்லை, ஹெல்சின்கியின் கூட்டுறவுச் சங்கம். ரொட்டி அடுமனையில் தொடங்கி வளர்ந்தது. அவர் அதன் நிர்வாகி.

கேள்வி: ஹிட்லர் ஆதரவாளர்தானே?

இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு போர்களைக் குழப்பாதீர்கள். 1939–40 குளிர்காலப் போரில் சோவியத் படையெடுத்தது, பின்லாந்து தனியாக நின்றது; அப்போது தன்னர் வெளியுறவு அமைச்சர். 1941–44 தொடர்ச்சிப் போரில்தான் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்துப் போரிட்டது. அந்த அமைச்சரவையிலும் அவர் இருந்தார். அதற்கான பொறுப்பு அவருக்கு உண்டு.

கேள்வி: நாஜியா இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அப்படியானால் போருக்குப் பொறுப்பானவர் என்று 1946இல் அவருக்குக் கொடுத்த சிறைத் தண்டனை நியாயம்தானே?

நியாயமில்லை என்பேன். போர் முடிந்தபின் 1945இல் சட்டம் இயற்றி, அதற்கு முந்தைய செயல்களுக்குத் தண்டித்தார்கள். தன்னருக்கு ஐந்தரை ஆண்டு, போர்க்காலக் குடியரசுத் தலைவர் ரூதிக்குப் பத்து ஆண்டு.

கேள்வி: சட்டத்தை நாடாளுமன்றம்தானே நிறைவேற்றியது?

ஆமாம், ஆனால் நேச நாடுகளின் கண்காணிப்புக் குழு தலைநகரிலேயே உட்கார்ந்திருந்தபோது. தண்டனை குறைவு என்று அந்தக் குழு நெருக்கியதும் தண்டனையைக் கூட்டினார்கள். படைத்தலைவர் மன்னர்ஹைம் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. இதை எந்த நீதி என்பீர்கள்?

கேள்வி: வேறு வழி இருந்ததா? சோவியத் படை நாட்டையே ஆக்கிரமித்திருக்குமே!

இருக்கலாம். அந்தக் கட்டாயத்தை ஏற்கிறேன். அதற்காக நீதி என்று பெயரிட மாட்டேன். சட்டத்தை முன்னின்று நடத்திய நீதி அமைச்சர் கெக்கோனன், பின்னாளில் கால் நூற்றாண்டு குடியரசுத் தலைவர். அவரைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள், அது வேறு பேச்சு.

கேள்வி: நாஜியா என்று இன்னும் தெளிவாக...

மூன்றாவது முறை. இரண்டு போர்களையும் பிரித்துப் படியுங்கள்.

கேள்வி: பின்லாந்துப் பள்ளிக் கல்வி பற்றி?

கல்வித்துறை அறிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சிறைக்குப் பின் ஒதுங்கிவிட்டாரா?

எங்கே ஒதுங்கினார்! 1948இல் விடுதலை, 1951இல் மறுபடி நாடாளுமன்றம். 1957இல் சொந்தக் கட்சிக்காரரான ஃபாகர்ஹோல்மை ஒரே வாக்கில் வென்று மறுபடி கட்சித் தலைவரானார். கட்சி உடைந்தது, மாஸ்கோவும் அவரை மன்னிக்கவில்லை. 1963 வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.