புள்ளி வைத்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் வாசலில் கோலம் போடுகிறேன். அத்தையின் கோல நோட்டைப் பார்த்துத்தான் போடுவேன். ஒரு புள்ளி பிசகினாலும் அத்தைக்குப் பிடிக்காது. கொஞ்ச நாளாக அது ஆபீஸ் வேலை மாதிரி ஆகிவிட்டது. "புள்ளியெல்லாம் எதற்கு, மனசுக்குத் தோன்றியதைப் போடு" என்றாள் தோழி. நோட்டை மூடிவைத்தேன். தாமரை, மயில், திரும்பவும் தாமரை. ஒரு வாரத்தில் கை ஓய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், நானும் அதையே செய்யலாமா என்று பார்க்கிறேன். தினமும் செய்கிற ஒன்றில் ஒழுங்கு எவ்வளவு, சுதந்திரம் எவ்வளவு? என் மகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்டிக்கர் வேண்டாம். உங்கள் கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

உங்களைச் சலிக்க வைத்தது புள்ளி இல்லை, நோட்டு என்று நினைக்கிறேன். ஊடுபுள்ளியாக, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வருகிற மாதிரி, நடுவில் 7 வைத்து இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4இல் நிறுத்தினால் மொத்தம் 37 புள்ளிகள். அந்த 37க்கு நடுவே கோடு எங்கே வளைய வேண்டும் என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்து நோட்டில் வரைந்துவிட்டார்கள். காலையில் கொமியூட்டர் ரயில் பிடிக்கிற அவசரத்தில் நமக்கு மிச்சமிருப்பது சரிபார்க்கிற வேலை மட்டும்தான். அது ஆபீஸ் வேலை மாதிரி இருப்பதில் என்ன ஆச்சரியம்? தோழி சொன்னதைக் கேட்டு நோட்டோடு சேர்த்துப் புள்ளியையும் விட்டீர்கள். பிடிமானம் இல்லாமல் போனதும் கை தனக்குப் பழகின தாமரைக்கே போய்விட்டது. வெறும் தரையில் தினம் ஒன்று புதிதாகத் தோன்றுவது, வருஷக்கணக்காக ஓவியம் பழகியவர்களுக்கே கடினம். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியில் பெரிய கோலம் போடுகிறவர்கள்கூட முதலில் சாக்கில் கோடு கீறிக்கொள்கிறார்கள்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். 3 வரிசை, வரிசைக்கு 3 என்று 9 நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று), அவ்வளவுதான். அடுக்குமாடி நடைபாதைக்கு அது போதும். புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து போகிற சிக்குக் கோலத்தின் விதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் சுற்றாமல் விடக் கூடாது, தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். இனி பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை எண்ணுங்கள். 12 வரும். ஒவ்வொரு இடைவெளியிலும் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம், அல்லது வெட்டாமல் அதனதன் புள்ளியைச் சுற்றித் திரும்பிவிடலாம். இந்த இரண்டே வழிதான் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 4096 கோலங்கள். திருப்பிப் பார்த்தாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிகிறவற்றைக் கழித்துவிட்டாலும் 500க்குக் குறையாது. ஒரு வருஷத்துக் காலைகளுக்கு மேலேயே வருகிறது, வெறும் 9 புள்ளியில்!

எல்லாமே ஒரே இழையில் முடியாது. 12 இடத்திலும் வெட்டிக்கொண்டே போனால் கோலம் 3 தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடும். ஒரே இழையாக வேண்டுமென்றால் குறைந்தது 2 இடங்களில் வெட்டாமல் திரும்பியாக வேண்டும். அந்த இரண்டு எவை என்று மாவைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டுபிடிப்பதில் இருக்கிற சந்தோஷத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. சில நாள் கோடு தவறான பக்கம் திரும்பி, நாம் நினைத்தே பார்க்காத ஒன்றாக முடியும். அதை அழிக்காதீர்கள். நோட்டில் இல்லாத கோலம் அப்படித்தான் வருகிறது.

இதைப் பெரிய ஆட்களும் மதித்திருக்கிறார்கள். 1970களில் தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணங்களோடு (சில விதிகளிலிருந்து வடிவங்களை உருவாக்கும் முறைகளோடு) சேர்த்து ஆராய்ந்தார்கள். 1974இல் அதைப் பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. சின்ன விதி சில இருந்தால் முடிவே இல்லாமல் வடிவங்கள் பிறக்கும் என்பதற்கு நம் வீட்டு வாசலே அவர்களுக்கு உதாரணமாக இருந்தது. எனக்கு இது பெருமையாக இருக்கிறது.

அப்புறம் அத்தை. புள்ளி பிசகக் கூடாது என்பதில் அவர் சொல்வதுதான் சரி, அதை விட்டுவிடாதீர்கள். இடைவெளி ஒரே அளவாக இல்லாவிட்டால் கோடு திரும்பவே இடம் இருக்காது. ஆனால் புள்ளிக்கு நடுவே போவது உங்கள் பாடு. நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய கோலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு முதலில் புள்ளி வைக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடிப்பது, ஒரே தூரத்தில் விடுவது. அது கைக்கு வந்ததும், கோடு இழுக்கும்போது பக்கத்தில் நின்று "அந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சொல்லாதீர்கள். அவள் எங்கே திரும்புகிறாள் என்று எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.