கொல்லை போன வீடு

அன்புள்ள ஐயா,

பெங்களூரைச் சுற்றியுள்ள விளைநிலங்களைக் காக்க விரும்பும் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு பழைய கிராமத்து வீடு ஒன்றில் கூடுகிறோம். சென்ற முறை தேவனஹள்ளிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டில். நல்ல கூட்டம்தான். ஆனால் பலரும் தூண்களைப் படமெடுத்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். கட்டணம் வைத்தால் அக்கறையுள்ளவர்கள் மட்டும் வருவார்களா? இளைஞர்களை எப்படித் தக்கவைப்பது?

வாசகர் ஒருவர், அல்சூர்

அன்புள்ள தம்பிக்கு,

கட்டணம் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். இளைஞர்கள் வரும்போது வரட்டும். என்னை உறுத்தியது வேறு. கடிதத்தில் தூண் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு எத்தனை ஏக்கர் மிச்சம், அதில் என்ன விளைகிறது, யார் உழுகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நிலத்துக்காகக் கூடியவர் நீங்கள்! நீங்களே பார்க்காததை வந்தவர்கள் பார்க்கவில்லை என்று வருந்துவது என்ன நியாயம்?

ஓசூருக்கு அருகே என் பாட்டி வீடு இருந்தது. பின்னால் கேழ்வரகுக் கொல்லை. மாமா கொல்லையை விற்றபோது, வீடு மிஞ்சியதே என்று எல்லோரும் ஆறுதல்பட்டுக்கொண்டோம். கொல்லை போனதும் தீனியில்லாமல் மாடுகள் போயின. மாடு போனதும் தரை மெழுகச் சாணமில்லை. வருடாவருடம் ஓடு மாற்றித் தந்தவர்கள் நம் அறுவடைக்கு வந்தவர்கள்தான். அறுவடை நின்றது, அவர்களும் நின்றுவிட்டார்கள். பாட்டி காலமான பிறகு அடுப்பும் எரியவில்லை. புகை ஏறாத கூரை மரத்தில் கரையான் ஏறியது. ஐந்தாவது மழையில் தாழ்வாரம் சரிந்தது. அன்று எடுத்துவந்த நாட்டு ஓடு ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. ஈரமண்ணில் குயவர் விரலால் இழுத்த மூன்று கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன.

இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் பழைய மாளிகைகளைக் காப்பதற்குப் பேர்போனது. 1895ல் அது தொடங்கியபோது முதலில் கைக்கு வந்தது வேல்ஸ் கடலோரத்தில் சில ஏக்கர் குன்றுச்சரிவு. முதல் வீட்டை 10 பவுண்டுக்கு வாங்கியது அடுத்த ஆண்டுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நீங்கள் கூடிய தேவனஹள்ளி தாலுகாவிலேயே, சன்னராயப்பட்டணா ஹோப்ளியின் (தாலுகாவின் உட்பிரிவு) 13 கிராமத்து உழவர்கள் ஆயிரம் நாளுக்கு மேல் போராடி, 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தை 2025 ஜூலையில் அரசு கைவிடும்படி செய்தார்கள். அவர்களில் ஒருவரையாவது உங்கள் கூட்டத்துக்கு அழைத்தீர்களா? 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் உழவர் அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம். உங்கள் தொட்டிக்கட்டு வீட்டுக்காரரிடம் எத்தனை தரகர்கள் வந்து போயிருப்பார்கள்? அதையாவது கேட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு இதற்கென்று கிளம்புகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். அடுத்த முறை சாப்பாட்டுக்கு முன்பே எல்லோரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால், நிலம் யார் பேரில், என்ன பயிர் என்று சொல்லும் அரசுப் பதிவான பஹணியை வாங்கிப் பாருங்கள். அவரையே முன்னால் நடக்கவிட்டு எல்லைக்கல் வரை போய் வாருங்கள்.

தேதியை எழுதுங்கள். நானும் வருகிறேன்.