மகளின் வதிவிட உரிமை போய்விட்டதா?

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பம். பிள்ளைகள் இருவருக்கும் ஜெர்மன் கடவுச்சீட்டு. மகள் 2020 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனாள். அங்கே பிரீ செட்டில்ட் (பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்களுக்குக் கொடுக்கும் தற்காலிக வதிவிட உரிமை) கிடைத்தது. கொரோனாவில் எட்டு மாதம் வீட்டுக்கு வந்திருந்து ஒன்லைனில் படித்தாள். பிறகு படிப்பின் நடுவில் தொழிற்பயிற்சிக்காக 13 மாதம் இங்கே நின்றாள். "வதிவிடத் தொடர்ச்சி முறிந்துவிட்டது, இனி செட்டில்ட் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்காது, மாணவர் விசா எடுங்கள்" என்கிறார் ஓர் ஆலோசகர். அவளுடைய அனுமதி 2026 மார்ச்சில் முடிகிறது. தம்பிக்கும் அங்கே போக ஆசை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த மாணவர் விசா பேச்சை நிறுத்துங்கள். கையில் இருக்கும் உரிமையை விட்டுவிட்டு, காசு கொடுத்து அதைவிடக் குறைந்த ஒன்றை வாங்கத் தேவையில்லை.

ஆலோசகர் சொன்னது பழைய விதிக்குச் சரி. எந்த 12 மாதத்திலும் 6 மாதத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. படிப்பு, நோய் போன்ற காரணம் இருந்தால் ஒரு தடவை 12 மாதம் வரை நிற்கலாம் என்று இருந்தது. உங்கள் மகளின் 13 மாதம் அதைத் தாண்டிவிட்டது. ஆனால் 2025 ஜூலை 16 முதல் விதி மாறிவிட்டது. பிரீ செட்டில்ட் உள்ளவர்கள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 60 மாதத்தில் மொத்தமாக 30 மாதம் பிரித்தானியாவில் இருந்திருந்தால் போதும். இடையில் எத்தனை தடவை வெளியே போனார் என்பது இனிப் பிரச்சினை இல்லை. படிப்புக்காக அங்கும் இங்கும் அலைந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

மகளை ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி எடுத்து உட்காரச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் விண்ணப்பித்தால் 2020 நவம்பரிலிருந்து எண்ண வேண்டும். மாதத்துக்கு ஒரு கட்டமாக 60 கட்டம். கொரோனாவுக்கு 8, பயிற்சிக்கு 13, கிறிஸ்மஸ், கோடை விடுமுறைகளுக்கு ஒரு 5 என்று அடித்தால் 26 போகும். மிச்சம் 34. முப்பதைத் தாண்டிவிட்டாள். விடுமுறை நாட்களை மட்டும் நினைவை நம்பி எழுத வேண்டாம். மின்னஞ்சலில் கிடக்கும் விமான டிக்கெட்டுகளைத் தேடி எடுத்துத் தேதி போட்டு எழுதட்டும். 30 வராவிட்டாலும் பயமில்லை. இன்னும் சில மாதம் அங்கே இருந்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.

மார்ச்சில் உரிமை முடிந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். இரண்டாம் தடவை விண்ணப்பிக்கவில்லை என்பதற்காக ஒருவரின் வதிவிட உரிமையைப் பறிப்பது சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு உள்துறை அமைச்சு இந்த அனுமதியைத் தானாகவே நீட்டுகிறது. 2025 ஜனவரியிலிருந்து சிலருக்குச் செட்டில்டும் தானாகவே வருகிறது. இங்கேதான் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அது வரி, அரச உதவிப் பணப் பதிவுகளைப் பார்த்து நடக்கிறது. விரிவுரைக்குப் போய், நூலகத்தில் இருந்து, அறைக்குத் திரும்பிய பிள்ளையின் பெயர் அந்தப் பதிவுகளில் எங்கே இருக்கும்? ஆகவே காத்திருக்காமல் அவளே விண்ணப்பிக்கட்டும். கட்டணம் ஒரு பென்ஸ்கூட இல்லை.

பல்கலைக்கழகத்திடம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படித்தாள் என்று கடிதம் வாங்க வேண்டும். கவுன்சில் வரி (உள்ளூராட்சி வரி) விலக்குக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பகுதிநேர வேலைச் சம்பளச் சீட்டு, அங்கே கடைகளில் செலவு செய்தது தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் உதவும். சிக்கல் வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்கலாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலர் மறப்பது. 24 வயதுக்கு முன் எடுத்த ஜெர்மன் கடவுச்சீட்டு 6 வருடம்தான் செல்லும். புதியது எடுத்தவுடன் அந்த இலக்கத்தைப் பிரித்தானிய உள்துறை அமைச்சில் உள்ள தன் இணையக் கணக்கில் மாற்ற வேண்டும். பிரீ செட்டில்ட் என்பது கையில் காட்டக்கூடிய அட்டை இல்லை, கடவுச்சீட்டு இலக்கத்தோடு இணைந்த பதிவு. இலக்கம் பொருந்தாவிட்டால் விமான நிலையத்தில் திண்டாட நேரிடும்.

தம்பியின் கதை வேறு. அக்காவின் உரிமை அவனுக்கு வராது. 2020 டிசம்பர் 31-க்கு முன் அங்கே வசிக்காதவன் என்பதால் மாணவர் விசா வேண்டும். 2025-இல் அதற்கு 524 பவுண்ட், அதற்கு மேல் வருடத்துக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் என்று இருந்தது. படிப்புக்கும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம்தான். அது சுமையென்றால் அயர்லாந்தைப் பாருங்கள். ஆங்கிலத்திலேயே படிக்கலாம், ஐரோப்பியக் குடிமகனாகவே போகலாம், விசா தேவையில்லை. டப்ளினிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அயர்லாந்தில் வசித்துக்கொண்டு அங்கிருந்தே அக்காவைப் பார்க்கப் போனால் பிரித்தானியாவின் ஈடிஏ பயண அனுமதி தேவையில்லை; ஜெர்மனியிலிருந்து போனால் மட்டும் அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.