போரில் இறந்த முன்னோரைப் பற்றி எங்கே தேடுவது?

கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரராக இறந்தார் என்பது மட்டுமே தெரிந்த நிலையில், தேடலை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைவிடப் படை எண்ணே, அதாவது படையில் அவருக்குத் தரப்பட்ட எண்ணே, முக்கியம். ஒரே பெயரில் பலர் இறந்திருப்பார்கள். வீட்டில் அவருடைய வட்டப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த விவரத்தோடு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடினால் கல்லறையோ, கல்லறை இல்லாதவராயின் பெயர் பொறித்த நினைவுச்சின்னமோ தெரியவரும். போர் முடிந்த பின் 1921 ஆகஸ்ட் 31 வரை காயத்தால் இறந்தவர்களும் அதில் உண்டு. அவருடைய படைப்பணி விவரங்கள் அடங்கிய பணிக்கோப்பு கிடைக்காமல் போவது சாதாரணம்தான், ஏனெனில் 1940இல் லண்டனில் விழுந்த குண்டுகளால் அவற்றில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. கோப்பு கிடைக்காவிட்டால் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைப் படியுங்கள்; சாதாரண வீரரின் பெயர் அதில் அரிதாகவே வரும் என்றாலும், அவர் இறந்த நாளில் அப்பிரிவு எங்கே நின்றது என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும்.